தைராய்டு, பாராதைராய்டு, பிட்யூட்டரி: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனையில் தடித்த எழுத்தில் ஒரு எண், கழுத்தில் தட்டுப்படும் ஒரு வீக்கம், ஸ்கேன் ரிப்போர்ட்டில் புரியாத ஒரு வரி. பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சுரப்பிகளின் அறிமுகம் இப்படித்தான் கிடைக்கிறது. நோயாளிகளும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது: ஹார்மோன் அளவு எதையும் தனியாகப் படிக்கக் கூடாது. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவை டி4-உடனும் (தைராய்டு சுரக்கும் தைராக்ஸின்), பாராதைராய்டு ஹார்மோனைக் கால்சியத்துடனும், புரோலாக்டினை (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளுடனும் சேர்த்துப் பார்த்தால்தான் அது உண்மையைச் சொல்லும்.

இந்த மூன்று சுரப்பிகளும் எங்கே இருக்கின்றன?

தைராய்டு முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிறது. சுமார் 20 கிராம் எடை. அதன் பின்பக்கம் ஒட்டியபடி, பெரும்பாலும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். ஒவ்வொன்றும் அரிசியளவு, 30 முதல் 40 மில்லிகிராம். பெயரிலும் இடத்திலும் நெருக்கமே தவிர, தைராய்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் சம்பந்தமில்லை. தைராய்டு உடலின் இயக்க வேகத்தைப் பார்த்துக்கொள்கிறது. பாராதைராய்டு ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பார்த்துக்கொள்கிறது. பிட்யூட்டரி மூளைக்கு அடியில், மூக்கின் பின்பக்கத்துக்கு நேராக உள்ள ஒரு எலும்புக் குழிக்குள் இருக்கிறது. அரை கிராம் எடைதான். ஆனால் தைராய்டு, சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல், பெண்களின் கருமுட்டைப்பை, ஆண்களின் விரைகள் எல்லாம் அது அனுப்பும் உத்தரவில்தான் இயங்குகின்றன.

எனக்கு டி.எஸ்.எச். அதிகம் என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா?

இல்லை, நேர் எதிர். இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது. டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பது அல்ல, பிட்யூட்டரியில் சுரப்பது. காது மந்தமானவரிடம் நாம் குரலை உயர்த்திப் பேசுவது போல, தைராய்டு சரியாக வேலை செய்யாதபோது பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐ உயர்த்துகிறது. ஆகவே டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு குறைவு, டி.எஸ்.எச். மிகவும் குறைந்தால் தைராய்டு அதிகம். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு என்று பெரும்பாலான லேப்கள் போடுகின்றன.

இந்தக் கணக்கு தவறும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. கோளாறு பிட்யூட்டரியிலேயே இருந்தால், டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். இயல்பாகவே காட்டக்கூடும். அந்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதனால்தான் சோர்வு, மாதவிலக்கு நிற்பது, தலைவலி, பார்வைக் குறைவு போன்றவை இருந்தால் ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம்.

டி.எஸ்.எச். 6 வந்திருக்கிறது. பார்டர்லைன் என்கிறார்கள். மாத்திரை ஆரம்பிக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். டி4 இயல்பாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் 10-க்குக் கீழே சற்று ஏறியிருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கணிசமான பேருக்குத் தானாகவே இறங்கிவிடும். காய்ச்சலிலிருந்து தேறும் சமயத்தில் ஏறும். உடல் எடை கூடியவர்களுக்குக் கொஞ்சம் ஏறும். வயதானவர்களுக்கு இயல்பே சற்று அதிகம். எழுபது வயது தாத்தாவுக்கு 6 என்று வந்ததற்காக ஆயுள் முழுவதற்கும் மாத்திரை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வயதினருக்கு அதனால் சோர்வு குறைவதில்லை என்பதை 2017-இல் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்வும் காட்டியது. டோஸ் கூடிப்போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு அளவுகோல் வேறு, அவசரமும் வேறு.

தைராக்ஸின் மாத்திரையை ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டுமா? எப்படிச் சாப்பிடுவது?

உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைச் சிதைக்கும் ஹஷிமோட்டோ நோய் (1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்தது) என்றாலோ, சுரப்பியை எடுத்திருந்தாலோ, ஆமாம், ஆயுசுக்கும்தான். அதைக் கேட்டு மனம் உடைய வேண்டியதில்லை. சுரப்பி தரவேண்டியதை மாத்திரை தருகிறது, அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி போன்ற சிலவற்றில் சில மாதங்களில் நிறுத்திவிடவும் முடியும்.

சாப்பிடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன். அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபி, டீ, பால் எதுவும் வேண்டாம். எழுந்ததும் ஃபில்டர் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது சாப்பிடலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். டோஸ் ஏறிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். இறங்காத பலருக்குக் காரணம் இந்த இடைவெளி இல்லாததுதான்.

டோஸை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே ரத்தம் பாருங்கள். தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். பத்து நாளில் பார்ப்பது வீண்செலவு. இன்னொன்று: முடி உதிர்வுக்காக பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். பல லேப் கருவிகளில் அது அளவைத் திரித்துவிடும். இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும்.

மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். நிறுத்திவிடவா?

நிறுத்தவே கூடாது. முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தமாக ஹார்மோன் சுரக்காது; மூளை வளர அம்மாவின் தைராக்ஸின்தான் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு டோஸைக் கால் பங்கு அளவு கூட்ட வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்த அந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்ப்பதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பிறவியிலேயே தைராய்டு குறைவாக உள்ள குழந்தைக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து ஆரம்பித்தால் அறிவு வளர்ச்சி இயல்பாக இருக்கும். மாதக்கணக்கில் தாமதித்தால் இழந்ததை மீட்க முடியாது. பிள்ளைப்பேறு நடக்கும் எல்லா இடங்களிலும் இது கட்டாயமாக நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

முட்டைக்கோஸ், காலிஃபிளவரை விட்டுவிட வேண்டுமா?

சமைத்துச் சாப்பிடும் அளவுக்கு ஒன்றும் ஆகாது. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

அயோடின் உப்பால்தான் தைராய்டு வருகிறது என்று வாட்ஸப்பில் வருகிறதே?

இதற்குப் பதில் சொல்ல இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். 1956-இல் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அங்கே அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். மலையடிவார ஊர்களில் கழுத்துக் கழலை சாதாரணமாகத் தென்பட்ட காலம் அது. அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளில் கழலை மளமளவென்று குறைந்தது. அந்த ஆய்வை வைத்துத்தான் 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இலங்கையிலும் ஈரவலயப் பகுதிகளில் கழலை பரவலாக இருந்தது. 1995-இல் உப்பில் அயோடின் சேர்ப்பதை அங்கே சட்டமாக்கினார்கள்.

அயோடின் போதுமான அளவு கிடைக்கும் சமூகத்தில் ஹஷிமோட்டோ சற்று அதிகமாகத் தென்படும் என்பது உண்மைதான். ஆனால் அயோடின் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைவோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது. அயோடின் உப்பையே வாங்குங்கள். தைராய்டுக்கு நல்லது என்று விற்கும் கடல்பாசி மாத்திரைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் அயோடின் அளவுக்கு மீறி இருக்கும்.

தைராய்டு அதிகம் என்றால் என்ன ஆகும்? அக்காவுக்குக் கண்கள் பிதுங்கியது போல இருக்கிறது.

எடை குறையும், நன்றாகச் சாப்பிட்டும். கை நடுங்கும், வியர்க்கும், படபடப்பு வரும், தூக்கம் கெடும். கண் பிதுக்கமும் சேர்ந்தால் அது கிரேவ்ஸ் நோயாகத்தான் இருக்கும். டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் எழுதியது. கண் பாதிப்பு உள்ளவர் வீட்டில் யாரும் புகைக்கவே கூடாது. சிகரெட் அதை மோசமாக்கும்.

பெரும்பாலும் கார்பிமசோல் மாத்திரை ஒன்றரை ஆண்டு வரை கொடுப்பார்கள். இதில் ஒரு எச்சரிக்கையை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் சிலருக்கு இந்த மாத்திரை ரத்த வெள்ளை அணுக்களை ஒரேயடியாகக் குறைத்துவிடும். காய்ச்சலோ கடுமையான தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

மாத்திரையில் அடங்காவிட்டால் கதிரியக்க அயோடின் கொடுக்கலாம். 1941-இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் தொடங்கிய சிகிச்சை இது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் ஆகாது. இல்லையென்றால் ஆபரேஷன். ஆனால் படபடப்புள்ள எல்லாருக்கும் கிரேவ்ஸ் இல்லை. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்து வலியோடு வரும் தைராய்டு அழற்சியிலும் ஹார்மோன் கூடும்; அது தேங்கியிருந்த ஹார்மோன் கசிவதால் வருவது, சில வாரங்களில் அடங்கிவிடும். அதற்குக் கார்பிமசோல் பயன்படாது.

கழுத்து ஸ்கேனில் 8 மி.மீ. கட்டி என்று வந்திருக்கிறது. புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. நடுவயதைத் தாண்டிய பெண்கள் பத்துப் பேருக்கு ஸ்கேன் எடுத்தால் நாலைந்து பேருக்காவது தைராய்டில் கட்டி தெரியும். அப்படித் தெரியும் நூறு கட்டிகளில் 90 அளவுக்குச் சாதுவானவை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் டிராட்ஸ் (TI-RADS) என்று 1 முதல் 5 வரை ஒரு எண் இருக்கும். கட்டியின் நிறம், ஓரம், உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா, அகலத்தைவிட உயரம் கூடுதலா என்பவற்றை வைத்துப் போடுவது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் 2017 முறைப்படி, 5-ஆம் வகை 1 செ.மீ. இருந்தால் ஊசிப் பரிசோதனை, 4-ஆம் வகை 1.5 செ.மீ., 3-ஆம் வகை 2.5 செ.மீ. அதற்குக் கீழே இருந்தால் கண்காணிப்பு போதும்.

ஊசிப் பரிசோதனைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளபடி சொல்கிறேன். முதுகுக்கடியில் ஒரு தலையணை வைத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். எச்சில் விழுங்க வேண்டாம், பேச வேண்டாம் என்பார்கள். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி. ஸ்கேன் கருவியில் பார்த்தபடி கட்டிக்குள் செலுத்தி, சில நொடிகள் மேலும் கீழும் அசைத்து எடுத்து, கண்ணாடிச் சில்லில் தேய்ப்பார்கள். இரண்டு மூன்று முறை. பிறகு கொஞ்ச நேரம் பஞ்சால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்பதற்காக இதை மறுக்காதீர்கள். தைராய்டு ஊசியில் அப்படி நடப்பது அரிதிலும் அரிது.

முடிவு பெத்தெஸ்டா முறையில் ஆறு வகையாக வரும். 2 சாது, 6 புற்று. நடுவில் உள்ள 3, 4-தான் தலைவலி. ஃபாலிக்குலர் வகைக் கட்டி உறையைத் துளைத்து வெளியேறியிருக்கிறதா என்பதை வைத்தே சாதுவா புற்றா என்று சொல்ல முடியும். ஊசியில் வருவது உதிரி செல்கள் மட்டும், உறை வராது. அதனால் சிலருக்குப் பாதி தைராய்டை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சின்னதாக இருக்கும்போதே எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

தென் கொரியா அப்படித்தான் நினைத்தது. 1999-இல் அங்கே தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, கூடவே கொஞ்சம் பணம் கட்டினால் கழுத்து ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரிகள் வசதி செய்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 1993-ஐப் போல 15 மடங்கு ஆனது. இறப்பு எண்ணிக்கை மட்டும் அசையவே இல்லை. அதாவது, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராமல் இருந்திருக்கக்கூடிய புள்ளிகளைத் தேடிப் பிடித்து, ஆயிரக்கணக்கானவர்களின் சுரப்பியை எடுத்தார்கள். 2014-இல் கொரிய மருத்துவர்களே வெளிப்படையாக எதிர்த்துப் பேசிய பிறகு ஒரே வருடத்தில் ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனை வேறு வழியில் போனது. 1993 முதல் 1 செ.மீ.-க்கு உட்பட்ட, பரவாத பாப்பில்லரி (தைராய்டு புற்றில் அதிகம் வரும் வகை) புற்றுகளை வெட்டாமல் ஸ்கேனில் கண்காணித்தார்கள். 1,235 பேரைப் பின்தொடர்ந்ததில், பத்து ஆண்டுகளில் கட்டி வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு. கழுத்து நிணநீர்க் கணுவுக்குப் போனது 3.8 சதவீதம் பேருக்கு. அவர்களுக்கு அப்போது ஆபரேஷன் செய்தார்கள். தைராய்டு புற்றால் ஒருவரும் இறக்கவில்லை.

ஆகவே அறிகுறி இல்லாதவர்கள் மாஸ்டர் செக்கப்பில் கழுத்து ஸ்கேனையும் சேர்க்கச் சொல்லாதீர்கள். கழுத்தில் தட்டுப்படும் கட்டி, குரல் மாற்றம், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை, குடும்பத்தில் தைராய்டு புற்று: இவை இருந்தால் கதை வேறு, கண்டிப்பாக எடுங்கள்.

புற்றுநோய் என்றே வந்துவிட்டது. இனி?

எந்த வகை என்று முதலில் கேளுங்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் பாப்பில்லரி வகை. சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பத்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கழுத்துக் கணுவுக்குப் பரவியிருந்தாலும் இளம் வயதினருக்கு நம்பிக்கையான நோய் இது. அளவைப் பொறுத்துப் பாதியோ முழுதுமோ எடுப்பார்கள், தேவையானால் கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள்.

மெடுல்லரி வகை வேறு செல்லிலிருந்து வருவது. அயோடினை உறிஞ்சாது, கதிரியக்க அயோடின் அதில் பலிக்காது. கால்சிடோனின் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும். நான்கில் ஒருவருக்கு இது பரம்பரையானது. அனாபிளாஸ்டிக் என்பது வயதானவர்களுக்கு அபூர்வமாக வரும் மிகக் கடுமையான வகை. கழலை சில வாரங்களில் மடமடவென்று பெருத்து, மூச்சும் விழுங்குவதும் சிரமமானால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். அம்மாவுக்கு உதடு மரத்துப்போகிறது என்கிறார். மயக்க மருந்தின் வேலையா?

இல்லை. உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். பாராதைராய்டுகளுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்ணிய குழாய்கள் தைராய்டை ஒட்டியே ஓடுகின்றன. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அவை சில நாள் ஓய்ந்துபோவதுண்டு. கால்சியம் இறங்கும். முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வது போல இருக்கும். அடுத்து விரல்கள் இழுக்கும். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, மேல் அழுத்தத்தைத் தாண்டி மூன்று நிமிடம் காற்றேற்றி வைத்தால், மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற விரல்கள் நீட்டியபடி குவியும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கால்சியம் ஊசி ஏற்றினால் சிறிது நேரத்தில் கை விரிந்துகொடுக்கும்.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் கால்சியமும் கால்சிட்ரியால் மாத்திரையும் நிரந்தரமாகத் தேவைப்படும். ஆபரேஷனுக்கு முன்பே வைட்டமின் டி பார்த்துச் சரிசெய்துகொள்வது நல்லது. வருடத்துக்கு நிறையத் தைராய்டு ஆபரேஷன் செய்யும் சர்ஜனைத் தேடிப் போவதும் நல்லது. உங்கள் சர்ஜன் எத்தனை செய்கிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

அப்பாவுக்கு மூன்றாவது முறையாகச் சிறுநீரகக் கல். இதற்கும் கழுத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இதைக் கேட்டதற்கு நன்றி. கல்லை எடுத்து அனுப்பிவிடுகிறார்கள், கால்சியம் பார்ப்பதில்லை. நான்கு பாராதைராய்டுகளில் ஒன்றில் சாதுவான கட்டி வந்து, கட்டுப்பாடில்லாமல் ஹார்மோன் சுரந்தால், எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு ரத்தத்தில் சேரும், சிறுநீரில் போய்க் கல்லாகும். எலும்பு வலி, சின்ன அடியில் முறிவு, மலச்சிக்கல், வயிற்றுப்புண், கணைய அழற்சி, அடிக்கடி தாகம், மனச்சோர்வு, மறதி என்று ஆளுக்கொரு முகம் காட்டும். மேலை நாடுகளில் வழக்கமான ரத்தப் பரிசோதனையிலேயே இது சிக்கிவிடுகிறது. இந்தியாவில் எலும்பு முறிந்து, கல் பலமுறை வந்த பிறகே பலருக்குத் தெரிகிறது.

சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவரின் கதை மருத்துவ வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிறது. எலும்புகள் கரைந்து, சுமார் 18 செ.மீ. உயரம் குறைந்துபோனார். 1926-இல் நோய் இன்னதென்று கணித்தார்கள். ஆறு ஆபரேஷன் செய்தும் கட்டி அகப்படவில்லை. 1932-இல் பாஸ்டனில் ஏழாவது முறை, நெஞ்செலும்புக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டுக்குள் கண்டுபிடித்தார்கள். ஆறு வாரத்தில் அவர் இறந்துபோனார். சிறுநீரகங்கள் அதற்குள் கெட்டிருந்தன. இன்று செஸ்டமிபி ஸ்கேன், நுண் சி.டி. ஸ்கேன் மூலம் கட்டி எங்கே என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம். ஆபரேஷன் மேசையிலேயே ஹார்மோன் அளவையும் பார்க்கலாம்: அது ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் என்பதால், சரியான சுரப்பியை எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிடும்.

அப்பாவுக்குக் கால்சியம், அல்புமின், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, கிரியாட்டினின் பார்க்கச் சொல்லுங்கள்.

கால்சியம் 11.2, பாராதைராய்டு ஹார்மோன் இயல்பு என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் பாராதைராய்டில் ஒன்றுமில்லைதானே?

இங்கேதான் ஜோடியாகப் படிக்க வேண்டும். கால்சியம் 8.5 முதல் 10.5 வரை இயல்பு. அது 11.2 இருக்கும்போது நல்ல பாராதைராய்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஹார்மோன் அடிமட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். அப்போதும் நடுவாந்திரமாகச் சுரந்தால் அது நோய்தான். லேப் தாளில் அந்த எண் தடித்த எழுத்தில் வராது என்பதால் நழுவிவிடுகிறது. மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயாசைடு வகை மாத்திரைகளும், கால்சியம் சற்று ஏறியே இருக்கும் ஒரு பரம்பரை இயல்பும் இதேபோலக் காட்டும். அந்தப் பரம்பரை இயல்புக்கு ஆபரேஷன் கூடாது. அதைப் பிரித்தறியவே ஒரு நாள் சிறுநீரைச் சேகரித்துக் கால்சியம் பார்க்கிறார்கள்.

ஹார்மோன் அதிகம், கால்சியம் இயல்பு அல்லது குறைவு என்றால் பெரும்பாலும் வைட்டமின் டி பற்றாக்குறை அல்லது சிறுநீரக நோய். டயாலிசிஸில் உள்ளவர்களுக்கு நான்கு சுரப்பிகளுமே பெருத்துவிடும். அதற்குச் சிகிச்சை வேறு.

பிட்யூட்டரியில் கட்டி என்றால் மூளைக் கட்டியா? உயிருக்கு ஆபத்தா?

இது மூளையில் வருவதல்ல, மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் வருவது. பெரும்பாலும் சாதுவானது. வேறு காரணத்துக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.-யில் பத்தில் ஒருவருக்குச் சின்னப் புள்ளி தெரியக்கூடும். 10 மி.மீ.-க்கு மேல் இருந்தால் பெரிய கட்டி. பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடம் நேர் மேலே இருப்பதால், கட்டி மேலே வளர்ந்தால் இரண்டு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை போகும். வண்டி ஓட்டும்போது பக்கத்தில் வருபவர் தெரியாமல் இடித்துக்கொள்வார்கள். கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கண் மருத்துவரிடம் பார்வைப் புலப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

கல்யாணமாகாத மகளுக்குப் பால் கசிகிறது, மாதவிலக்கும் நின்றுவிட்டது. வெளியில் சொல்லவே பயமாக இருக்கிறது.

பயப்படவோ மகளைச் சந்தேகப்படவோ வேண்டாம். புரோலாக்டின் கூடினால் இப்படி ஆகும். முதலில் கர்ப்பப் பரிசோதனையும் டி.எஸ்.எச்.-உம் பார்ப்பார்கள், அது வழக்கமான ஒழுங்கு, சந்தேகம் இல்லை. தைராய்டு குறைவே புரோலாக்டினைக் கூட்டும். வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், மனநலத்துக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்றவையும் கூட்டும். ஆகவே மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அளவு 200-ஐத் தாண்டினால் பிட்யூட்டரிக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கட்டிக்குப் பெரும்பாலும் ஆபரேஷனே தேவையில்லை. வாரம் ஒன்றிரண்டு முறை காபர்கோலின் மாத்திரை சாப்பிட்டாலே கட்டி சுருங்கும், மாதவிலக்கு திரும்பும். ஆண்களுக்கும் இது வரும். ஆண்மைக் குறைவைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடுவதால் அவர்களுக்குக் கட்டி பெரிதான பிறகே தெரிகிறது.

மோதிரம் கழற்ற முடியவில்லை, செருப்பு சைஸும் ஏறிவிட்டது. வயதானால் இப்படி ஆகுமா?

ஆகாது. பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் கூடினால் ஆகும். கை, பாதம், தாடை, நாக்கு பெருக்கும்; பல் இடைவெளி விழும்; குறட்டை, சர்க்கரை, ரத்த அழுத்தம் சேரும். மாற்றம் மெதுவாக நடப்பதால் கூடவே இருப்பவர்களுக்குத் தெரியாது. பல ஆண்டுகள் கழித்தே கண்டுபிடிக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐ.ஜி.எஃப்.-1 என்ற ரத்தப் பரிசோதனையில் தெரியும். வளரும் வயதிலேயே இது வந்தால் உயரம் கூடிக்கொண்டே போகும்; 2.72 மீட்டர் வளர்ந்த அமெரிக்கரான ராபர்ட் வாட்லோ 1940-இல் 22 வயதில் இறந்தார்.

முகம் உருண்டு, வயிறு பெருத்து, கை கால் மெலிந்து, வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள் விழுந்தால் அது குஷிங் நோய், அட்ரினல் சுரக்கும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் அதிகம். ஆனால் பிட்யூட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் விற்கும் பெயரில்லாத பொட்டலப் பொடிகளில் அது கலந்திருப்பதுண்டு. பல மாதம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

பிரசவத்தில் நிறைய ரத்தம் போனது. அதன்பின் பாலே சுரக்கவில்லை, மாதவிலக்கும் வரவில்லை. வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே சோர்வு.

ஷீஹன் நோயாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கும். அந்த நேரத்தில் ரத்தப்போக்கால் அழுத்தம் விழுந்தால் அது கருகிப்போகும். பிரிட்டிஷ் மருத்துவர் ஹரால்டு ஷீஹன் 1937-இல் விவரித்தது. ரத்தசோகை, மனச்சோர்வு என்றே பல பெண்கள் வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கேள்வி கேட்டால் போதும்: கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு பால் சுரந்ததா?

சிகிச்சையில் வரிசை முக்கியம். ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலுக்கு ஈடான ஸ்டீராய்டு மாத்திரை) முதலில், தைராக்ஸின் பிறகு. மாற்றிக் கொடுத்தால் உடல் தாங்காது, உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி எடுத்தால் ஊசியாகப் போட வேண்டும். இதைச் சொல்லும் அட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

மூக்கு வழியாக ஆபரேஷன் என்கிறார்களே?

ஆமாம், மண்டையைத் திறக்கத் தேவையில்லாமல் பெரும்பாலான பிட்யூட்டரிக் கட்டிகளை மூக்குத்துளை வழியாக, எண்டோஸ்கோப் வைத்து எடுக்கிறார்கள். பிறகு சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, சிறுநீர் குடம் குடமாகப் போனாலோ, ஒரு வாரம் கழித்துத் தலைவலியோடு குழப்பம் வந்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வருமா?

பெரும்பாலானவை பரம்பரை அல்ல. ஆனால் ஒரே ஆளுக்குப் பாராதைராய்டும் பிட்யூட்டரியும் கணையமும் சேர்ந்து பாதித்தாலோ, நாற்பது வயதுக்குள் பாராதைராய்டு நோய் வந்தாலோ, மென்-1 என்ற மரபணுக் கோளாறைத் தேட வேண்டும். இதன் இரண்டாம் வகையில் (மென்-2) மெடுல்லரி தைராய்டு புற்றும், அட்ரினல் கட்டியும், சிலருக்குப் பாராதைராய்டும் சேர்ந்து வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டாம் வகையில் ரெட் மரபணுப் பரிசோதனை செய்து, மாற்றம் உள்ள குழந்தைகளுக்குப் புற்று வரும் முன்பே தைராய்டை எடுத்துவிடுகிறார்கள். மெடுல்லரி என்று ரிப்போர்ட் வந்த எவருக்கும், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும், இந்தப் பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது.

எப்போது காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?

திடீரென்று இடி விழுந்த மாதிரி தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், இமை தொங்குதல்: பிட்யூட்டரிக் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். தைராய்டு அதிகம் உள்ளவருக்குக் கடும் காய்ச்சல், பிதற்றல், தாறுமாறான துடிப்பு. தைராய்டு குறைவுள்ள வயதானவர் மாத்திரையை நிறுத்திய பிறகு உடல் சில்லிட்டு, எழுப்ப எழுப்பத் தூங்குவது. கழுத்து ஆபரேஷன் முடிந்த அன்று கழுத்து வீங்கி மூச்சுத் திணறுவது; அப்போது அறையில் இருப்பவர் மணியை அடித்துவிட்டுக் காத்திருக்காமல் ஓடிப்போய் ஆளைக் கூப்பிட வேண்டும். கை கால் இழுத்துக்கொள்வது, வலிப்பு. ஸ்டீராய்டை நம்பி வாழ்பவருக்கு வாந்தியும் தலைசுற்றலும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் என்ன சுரப்பி நோய், என்ன மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள். ரிப்போர்ட் ஃபைலையும் மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.